அதே காட்சி, வேறு சிரிப்பு: பழைய பிரிட்டிஷ் சிட்காம்களை இன்று பார்ப்பது

'ஃபால்டி டவர்ஸ்' என்கிற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் மொத்தமே 12 அத்தியாயங்கள்தான். 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு. டார்க்கீ என்கிற கடலோர ஊரில் ஒரு சுமாரான ஓட்டல். விருந்தாளிகளைக் கண்டாலே எரிந்துவிழும் அதன் முதலாளி பேசில் ஃபால்டி, அவரை அதட்டியே வேலை வாங்கும் மனைவி சிபில், ஆங்கிலம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் ஓடிக்கொண்டே இருக்கும் ஸ்பானியப் பணியாள் மனுவேல். ஜான் கிளீஸும் கானி பூத்தும் சேர்ந்து எழுதியது. பிரிட்டனில் சிறந்த நகைச்சுவைத் தொடர் எது என்று யார் பட்டியல் போட்டாலும் மேல் வரிசையில் வந்துவிடும்.

2020 ஜூன் மாதம், அதன் ஓர் அத்தியாயமான 'தி ஜெர்மன்ஸ்' இன வசைகள் வருகின்றன என்று யூகேடிவி நிறுவனத்தின் இணையச் சேவையிலிருந்து திடீரென இறக்கப்பட்டது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் காவலரால் கொல்லப்பட்டுச் சில வாரங்களே ஆகியிருந்த நேரம். கிளீஸ் கொதித்தார். பத்திரிகைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டன. கடைசியில், முன்னால் ஓர் எச்சரிக்கை வாசகம் சேர்த்துத் திரும்ப ஏற்றுகிறோம் என்று நிறுவனம் இறங்கிவந்தது.

1975 அக்டோபர் 24 அன்று முதன்முதலில் ஒளிபரப்பானபோது இருந்த அதே அத்தியாயம்தான் அது. அப்படியென்றால் மாறியது என்ன? "அந்தக் காலத்தில் எல்லோரும் சிரித்தார்கள், இப்போது எல்லோருக்கும் தொட்டால் சிணுங்கி மனசு" என்பது ஒரு பதில். "அந்தக் காலமே மோசம்" என்பது இன்னொன்று. இரண்டையுமே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு தொடர் முழுசாகப் பழசாகிப்போவதில்லை. அதற்குள் இருக்கும் ஒவ்வொரு நகைச்சுவையும் தனித்தனியாக வயதாகிறது. ஒரே அரை மணி நேரத்துக்குள் இன்றும் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் இடமும் இருக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ள வைக்கும் இடமும் இருக்கும். இது ஏன் என்று பார்ப்போம்.

முதலில், சிட்காம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: வாராவாரம் அதே இடம், அதே ஆட்கள், அரை மணி நேரத்தில் ஒரு சிக்கல், ஒரு முடிவு. ஆட்கள் திருந்தவே மாட்டார்கள்; திருந்திவிட்டால் அடுத்த வாரம் கதை இல்லை. 1970-களின் பிரிட்டிஷ் சிட்காம்கள் பெரும்பாலும் ஸ்டுடியோவில் நேரடிப் பார்வையாளர்கள் முன்னால் படமாக்கப்பட்டவை. நமக்குக் கேட்கும் சிரிப்பு அவர்களுடையது. இது முக்கியம். ஒரு பழைய நாவலைப் படிக்கும்போது அன்றைய வாசகர் எங்கே சிரித்தார் என்று நமக்குத் தெரியாது. சிட்காமில் அது ஒலிநாடாவிலேயே பதிவாகியிருக்கிறது. எந்த வரிக்குச் சிரித்தார்கள், எவ்வளவு நேரம் சிரித்தார்கள், எந்த வரிக்குச் சிரிப்பு சற்றுத் தயங்கி வந்தது என எல்லாம் காதில் விழும்.

சரி, இப்போது 'தி ஜெர்மன்ஸ்' அத்தியாயத்துக்குள் போவோம்.

அந்த ஓட்டலிலேயே தங்கியிருக்கும் ஒரு வயதான மேஜர் உண்டு. பேலர்ட் பெர்க்லி நடித்தது. ஞாபக மறதி, கிரிக்கெட், எப்போது மதுக்கூடம் திறப்பார்கள் என்கிற கவலை, இவ்வளவுதான் அவர் உலகம். அவர் பேசிலிடம் ஒரு பழைய கதை சொல்கிறார். ஒரு பெண்ணை ஓவல் மைதானத்துக்கு இந்திய அணி ஆடும் ஆட்டம் பார்க்க அழைத்துப் போனாராம். அவள் இந்திய ஆட்டக்காரர்களைக் கறுப்பினத்தவரைத் திட்டும் மிகக் கேவலமான வசைச் சொல்லால் குறிப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். மேஜர் திருத்துகிறார்: அந்தச் சொல் மேற்கிந்தியர்களுக்கு உரியது, இவர்களுக்கு வேறு சொல். அந்த வேறு சொல்லும் அதே அளவு கேவலமான வசைதான்.

இங்கே சிரிப்பு எங்கிருந்து வருகிறது? மேஜர் தான் நாகரிகமாக ஒரு தவறைத் திருத்துவதாக நினைக்கிறார். உண்மையில் வசைகளை இனவாரியாகப் பிரித்து அடுக்குகிறார். எழுதியவர்களின் குறி மேஜர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குறியை அடிக்க, இரண்டு வசைகளையும் உரக்கச் சொல்லியாக வேண்டும். 1975-இல் ஸ்டுடியோவில் இருந்தவர்கள் சிரிக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் மேஜரைப் பார்த்துச் சிரித்தார்கள், எத்தனை பேர் அந்தச் சொற்கள் தொலைக்காட்சியில் வந்துவிட்ட குஷியில் சிரித்தார்கள் என்று சிரிப்புச் சத்தத்தை வைத்துப் பிரிக்க முடியாது. இதுதான் சிக்கலின் வேர். ஓவலில் ஆடிய அந்த இந்திய அணியின் பக்கம் நின்று பார்க்கும் நமக்கு, குறி மேஜர் என்று தெரிந்தும் காது கூசுகிறது, இல்லையா?

2013-இல் பிபிசி இந்த அத்தியாயத்தை மறு ஒளிபரப்பு செய்தபோது மேஜரின் அந்த வரிகளை வெட்டிவிட்டுத்தான் போட்டது. 2024-இல் லண்டனில் ஃபால்டி டவர்ஸ் மேடை நாடகமாக வந்தபோது கிளீஸே அவற்றை எடுத்துவிட்டார். கிண்டலைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளாமல் நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளும் ஆட்கள் எப்போதும் இருப்பார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

அதே அத்தியாயத்தின் கடைசிப் பகுதிதான் உலகப் புகழ் பெற்றது. தலையில் அடிபட்ட பேசில், ஜெர்மன் விருந்தாளிகளிடம் போரைப் பற்றிப் பேசக் கூடாது என்று மற்றவர்களை எச்சரித்துவிட்டு, தானே வாய்க்கு வாய் ஹிட்லரையும் கோயபல்ஸையும் இழுக்கிறார். காலை நீட்டி நீட்டி நாஜி நடை நடந்து காட்டுகிறார். ஒரு பெண் அழுதேவிடுகிறாள். பெயர்களை மட்டும் பார்த்தால் இதுதான் ஆட்சேபத்துக்குரிய காட்சியாகத் தோன்ற வேண்டும். ஆனால் இன்றைக்கும் இது கொஞ்சம்கூட வாடவில்லை. காரணம் எளிது. ஜெர்மானியர்கள் மரியாதையான, இயல்பான மனிதர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். போர் முடிந்து 30 வருடம் ஆகியும் அதிலிருந்து வெளியே வர முடியாத ஆங்கிலேயர்தான் கோமாளி. இவர்கள் எப்படித்தான் போரில் ஜெயித்தார்களோ என்று ஒரு ஜெர்மானியர் வியப்பதோடு அத்தியாயம் முடிகிறது.

இரண்டுக்கும் நடுவில் இன்னொரு சின்ன இடம் இருக்கிறது. மருத்துவமனையில் ஒரு கறுப்பின மருத்துவரைப் பார்த்ததும் பேசில் துள்ளிப் பின்வாங்குவார். அங்கேயும் கேலிக்குரியவர் பேசில்தான் என்று வாதாடலாம். வாதம் பலவீனமானது. அந்த மருத்துவருக்கு அங்கே செய்ய எதுவும் இல்லை. அவர் கறுப்பாக இருப்பது மட்டுமே நகைச்சுவை. ஆக, ஒரே அத்தியாயத்தில் மூன்று இடங்கள், மூன்று வயது.

மனுவேலையும் விட்டுவிட முடியாது. பேசில் அவனை அடிக்கிறார், திட்டுகிறார், அவன் பார்சிலோனாக்காரன் என்று எல்லோரிடமும் சமாதானம் சொல்கிறார். அந்த வேடத்தில் நடித்த ஆண்ட்ரூ சாக்ஸ் பெர்லினில் பிறந்தவர். தந்தை யூதர் என்பதால் 1938-இல் குடும்பம் நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து வந்தது. வேற்று மொழி ஊரில் வந்து விழுவது என்னவென்று தெரிந்த ஆள். அதனாலோ என்னவோ மனுவேல் வெறும் முட்டாளாக இல்லாமல், நல்ல மனசுக்காரனாகத் தெரிகிறான். இருந்தாலும் ஸ்பெயினில் இந்தத் தொடரை மொழிமாற்றம் செய்தபோது அவனை இத்தாலியன் ஆக்கிவிட்டார்கள். பார்சிலோனா இருக்கும் கட்டலோனியாவிலோ அவன் மெக்சிகோக்காரன் ஆனான். தங்களைப் பற்றிய கேலியை அடுத்த நாட்டுக்காரர் தலையில் கட்டுவது எல்லா ஊருக்கும் பொதுவான பழக்கம்போல.

எழுதியவர் யாரைக் குறிவைத்தார் என்பதும், பார்த்தவர் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்பதும் வேறு வேறாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி 'டில் டெத் அஸ் டூ பார்ட்'. 1965-இல் ஒரு முன்னோட்ட அத்தியாயம், 1966 முதல் 1975 வரை தொடர். ஆல்ஃப் கார்னெட் என்கிற கிழக்கு லண்டன் தொழிலாளி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு குடியேறிகளையும் இளைஞர்களையும் மனைவியையும் ஓயாமல் திட்டுவார். எழுதிய ஜானி ஸ்பைட் இடதுசாரி. நடித்த வாரன் மிட்செல் யூதர். இனவெறியனை நடுக்கூடத்தில் உட்காரவைத்து அம்பலப்படுத்துவதுதான் திட்டம். ஆனால் நாட்டில் பலர் ஆல்ஃபைத் தங்கள் வாயாகவே எடுத்துக்கொண்டார்கள்: "நம்ம மனசில் இருப்பதைத் துணிந்து சொல்கிறான்!"

இது வெறும் ஊகம் இல்லை. இதே தொடரை அமெரிக்காவில் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்று 1971-இல் எடுத்தார்கள். 1974-இல் விட்மர், ரோக்கீச் என்ற இரு ஆய்வாளர்கள் அதன் பார்வையாளர்களைக் கேட்டுப் பார்த்தார்கள். இன முன்முடிவு அதிகம் உள்ளவர்கள் அந்த இனவெறி அப்பாவைத்தான் ரசித்தார்கள். வாக்குவாதத்தில் அவரே ஜெயிப்பதாகவும் நினைத்தார்கள். கேலி எதிரியைப் போய்ச் சேரவே இல்லை. "நையாண்டிக்காகத்தானே எழுதினோம்" என்று எழுத்தாளர்கள் சொல்லும்போது அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை.

அடுத்து, இந்த விவாதத்தில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம்: "அப்போது யாருக்கும் இது தப்பாகத் தெரியவில்லை." இதை நம்பாதீர்கள்.

1940-களின் கடைசியில் பிபிசி தன் எழுத்தாளர்களுக்கு ஒரு கையேடு வைத்திருந்தது. பச்சை அட்டை போட்டதால் பச்சைப் புத்தகம் என்றே பெயர். கழிப்பறை, பெண்மை கலந்த ஆண்கள், தேனிலவுத் தம்பதி, விடுதிப் பணிப்பெண் என்று எதையெல்லாம் வைத்து ஜோக் அடிக்கக் கூடாது என்று அதில் ஒரு நீண்ட பட்டியல். கறுப்பினத்தவரை வசைச் சொல்லால் குறிப்பிடக் கூடாது என்றும், சீனர்களின் சலவைக்கடை பற்றிய ஜோக்குகள் புண்படுத்தலாம் என்றும்கூட அதில் இருந்தது. அதாவது ஃபால்டி டவர்ஸுக்குக் கால் நூற்றாண்டு முன்பே அந்த நிறுவனத்துக்கு விஷயம் தெரியும். 1967-இல், வெள்ளையர்கள் முகத்தில் கறுப்பு மை பூசிப் பாடும் பிபிசி நிகழ்ச்சியான 'பிளாக் அண்ட் ஒயிட் மின்ஸ்ட்ரல் ஷோ'வை நிறுத்தச் சொல்லி இனப் பாகுபாட்டுக்கு எதிரான இயக்கம் ஒன்று மனு கொடுத்தது. பிபிசி அதற்கப்புறமும் 11 வருடம் நடத்தியது. ஆட்சேபித்தவர்கள் அன்றும் இருந்தார்கள். முடிவெடுக்கும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை, அவ்வளவுதான். ஸ்டுடியோவில் பதிவான சிரிப்பிலும் அவர்கள் இல்லை.

1982-இல் சேனல் 4 வரும்வரை பிரிட்டனில் இருந்ததே மூன்று அலைவரிசைகள்தான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நேற்றிரவு நாடே பார்த்த வசனத்தை மறுநாள் காலை பள்ளி மைதானத்தில் யார் மேல் வீசுவார்கள்? வகுப்பில் இருக்கும் ஒரே பழுப்பு நிறப் பையன் மேல்தான். திரையில் கேலி யாரைக் குறிவைத்தது என்ற நுணுக்கமெல்லாம் மைதானத்துக்கு வந்து சேராது.

உணர்வு ஒரே திசையில் நகர்கிறது என்றும் நினைக்க வேண்டாம். ஆல்ஃப் கார்னெட்டை அன்று கடுமையாக எதிர்த்தவர் மேரி வைட்ஹவுஸ் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை. தொலைக்காட்சியில் ஒழுக்கம் கெடுகிறது என்று ஓர் இயக்கமே நடத்தியவர். அவருக்கு முதல் உறுத்தல் ஆல்ஃபின் வாயிலிருந்து சரமாரியாக வரும் 'பிளடி'தான். இன்று அந்தச் சொல்லைக் கேட்டு எந்த ஆங்கிலேயரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். அன்று பலர் பொருட்படுத்தாமல் விட்ட இன வசைகள்தான் இன்று தொண்டையில் சிக்குகின்றன. நாம் எளிதில் புண்படுகிறவர்களாகிவிட்டோம் என்பதைவிட, புண்படும் இடம் மாறிவிட்டது என்பதே சரி.

இப்போது நமக்குக் கொஞ்சம் நெருக்கமான ஓர் உதாரணம். 'இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்', 1974 முதல் 1981 வரை பிபிசியில் வந்தது. 1945, மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பிரிட்டிஷ் ராணுவக் கலைக்குழு. எழுதிய ஜிம்மி பெரி, டேவிட் கிராஃப்ட் இருவருமே ராணுவத்தில் இந்தியாவில் இருந்தவர்கள்; பெரி தேவ்லாலியிலேயே இப்படி ஒரு குழுவில் இருந்தவர். முதல் சில வருடங்களில் முக்கியமான பாத்திரம் ரங்கி ராம் என்கிற இந்தியப் பணியாள். அந்த வேடத்தில் நடித்தவர் மைக்கேல் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர், முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு.

பேட்ஸ் பக்கம் சொல்ல நிறைய இருக்கிறது. ஜான்சியில் பிறந்தவர். கூர்க்கா படையில் அதிகாரியாக பர்மாவில் போரிட்டவர். உருது சரளமாகப் பேசுவார். அவருடைய ரங்கி ராம் சுற்றியிருக்கும் வெள்ளைக்காரர்களைவிடப் புத்திசாலி. "நாம் பிரிட்டிஷார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வதும், பழமொழி ஒன்றை நேராக கேமராவைப் பார்த்துச் சொல்வதும் நல்ல நடிப்பு. ஆனால் அதே தொடரில் டாக்காவில் பிறந்த டினோ ஷஃபீக் சாயாவாலாவாகவும், பாபர் பட்டி, கயிறு கட்டி அசைக்கும் கூரை விசிறியான பங்காவை இழுப்பவராகவும் வருகிறார்கள். நிஜத் தெற்காசிய நடிகர்களுக்குச் சாயா கெட்டிலும் பங்காக் கயிறும், பூச்சுப் பூசிய ஆங்கிலேயருக்குப் பெரிய வேடம். ஒரே சட்டகத்தில் மூவரும் நிற்கும்போது கண்ணுக்கு வேறெதுவும் தெரியமாட்டேன் என்கிறது. பிபிசி இதைப் பல வருடங்களாக மறு ஒளிபரப்பு செய்வதில்லை. டிவிடி கிடைக்கிறது. பெரி 2016-இல் இறக்கும்வரை தன் தொடருக்காக வாதாடியவர்.

'மைண்ட் யுவர் லேங்குவேஜ்' கதை இன்னும் சுவாரசியம். லண்டனில் மாலை நேர ஆங்கில வகுப்பு; உலகின் எல்லா மூலைகளிலிருந்தும் மாணவர்கள்; ஒவ்வொருவரும் தத்தம் நாட்டின் அச்சு வார்ப்பு. சீக்கியர் சண்டைக்கு நிற்பார், ஜப்பானியர் குனிந்து கும்பிடுவார், பிரெஞ்சுப் பெண் கண்ணடிப்பாள். 1977 டிசம்பரில் ஐடிவி என்கிற தனியார் அலைவரிசையில் தொடங்கியது. நல்ல கூட்டம் பார்த்தது. ஆனாலும் 1979-இல் அதைத் தயாரித்த நிறுவனத்தில் பொறுப்பில் இருந்த மைக்கேல் கிரேட், இனங்களை இப்படிக் காட்டுவது சகிக்கவில்லை என்று நிறுத்திவிட்டார். வெளியில் யாரோ நெருக்கடி கொடுத்து நின்ற தொடர் இல்லை இது.

வேடிக்கை என்னவென்றால், இங்கே கேலிக்கு ஆளான நாடுகளிலேயே இது மிகப் பிரபலம். இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், மலேசியா, சிங்கப்பூர் எங்கும் ரசிகர்கள். 1993-இல் தூர்தர்ஷன் இதையே 'ஜபான் சம்பால்கே' என்று இந்தி வகுப்பாக மாற்றி எடுத்தது. சீக்கியராக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். நம் ஊரில் இதைப் பார்த்தவர்களுக்கு ஏன் அவ்வளவாக உறுத்தவில்லை? கொழும்பிலோ சென்னையிலோ உட்கார்ந்து பார்ப்பவருக்கு, வகுப்பில் எல்லா நாட்டுக்காரனும் சமமாக உதை வாங்குகிறான். ஆங்கில இலக்கணம் எல்லோரையும் பாடாய்ப் படுத்தும் என்பதும் நமக்குத் தெரிந்த வேதனை. தெருவில் இறங்கினால் அந்த வசனத்தைச் சொல்லி யாரும் நம்மை விரட்டப்போவதில்லை. 1978-இல் பிர்மிங்ஹாமில் பேருந்துக்கு நின்ற சீக்கியருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. ஒரே ஜோக்குக்கு ஊருக்கு ஊர் வேறு எடை.

பெண்களையும் ஓரினச்சேர்க்கையாளர்களையும் பற்றிய ஜோக்குகளுக்கும் இதே கணக்குதான், அதிகம் நீட்ட வேண்டியதில்லை. ஒரு பெரிய கடையில் நடக்கும் 'ஆர் யூ பீயிங் சர்வ்ட்?' தொடரில் ஜான் இன்மன் நடித்த, நளினமாக நடந்துகொள்ளும் விற்பனையாளர் ஹம்ஃப்ரீஸ் பாத்திரத்தை அன்றைய ஓரினச்சேர்க்கையாளர் உரிமை அமைப்பே கண்டித்தது. இன்று அதே பாத்திரத்தை, கடையிலேயே மகிழ்ச்சியாக இருக்கும் ஒரே ஆள் என்று பாசத்தோடு பார்ப்பவர்களும் அந்தச் சமூகத்திலேயே உண்டு. சில பாத்திரங்கள் இப்படி எதிர்த் திசையிலும் நகரும்.

அப்படியானால் வாடாமல் நிற்பவை எவை? பெரும்பாலும், தன் வீட்டு அகந்தையையே கேலி செய்தவை. பெரியும் கிராஃப்டும் எழுதிய 'டாட்ஸ் ஆர்மி'யை (1968–1977) பிபிசி இன்னும் சனிக்கிழமைகளில் போடுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஊர்க்காவல் தொண்டர்படை ஒன்றின் கதை. அதன் தலைவரான வங்கி மேலாளர் மெயின்வாரிங் தன்னைப் பெரிய தளபதியாக நினைத்துக்கொள்கிறார். அவருக்குக் கீழே இருக்கும் வில்சனோ பிறப்பால் மேல்தட்டு. அந்த வர்க்கப் புழுக்கம் எந்த ஊர் அலுவலகத்திலும் புரியும். அதிலும்கூட, கிழட்டு ஜோன்ஸ் சூடான் போரில் தான் குத்திக் கொன்றவர்களைப் பற்றிப் பெருமையடிக்கும் இடங்கள் இப்போது நெருடும். 'யெஸ் மினிஸ்டர்' (1980–1984) இன்னும் கெட்டி. அமைச்சர் ஜிம் ஹேக்கரை அதிகாரி சர் ஹம்ஃப்ரி சுற்றிச்சுற்றி முடிச்சுப் போடுவதில் யாருடைய நிறமும் உச்சரிப்பும் தேவைப்படவில்லை. மேசையைச் சுற்றிப் பெண்களே இல்லை என்பது உறுத்துகிறதா? அந்தத் தொடரே 1982-இல் அதை ஓர் அத்தியாயமாக எடுத்துக் கிழித்துவிட்டது.

பழையதை என்ன செய்வது என்பதில் ஒளிபரப்பாளர்கள் மூன்று வழி வைத்திருக்கிறார்கள்: வெட்டுவது, எச்சரிக்கை போடுவது, மொத்தமாக எடுத்துவிடுவது. என் கட்சி எச்சரிக்கை. வெட்டினால் 1975 இருந்ததைவிட நல்லதாகத் தெரியும். அது ஒரு பொய். எடுத்துவிட்டால் பார்க்காதவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். இதில் ஒரு வினோதம்: பழைய சிட்காம்கள் மிக அதிகமாக அழிந்தது யார் மனமும் புண்பட்டதால் இல்லை. வீடியோ நாடா விலை அதிகம் என்று 1960, 70-களில் பிபிசி பதிவுகளை அழித்து அதன் மேலேயே வேறு நிகழ்ச்சி பதிந்தது. ஆல்ஃப் கார்னெட்டின் ஆரம்ப அத்தியாயங்கள் பல அப்படிப் போயேவிட்டன.

பழுப்புச் சாயத்தையும் கறுப்பு மையையும் 1970-களோடு முடிந்த கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2003-இல் தொடங்கிய 'லிட்டில் பிரிட்டன்' 2020-இல் பிபிசியிலிருந்து இறக்கப்பட்டது. நடித்த மேட் லூகஸும் டேவிட் வாலியம்ஸும் மன்னிப்புக் கேட்டார்கள். 2022-இல் வெட்டுகளோடு திரும்ப வந்தது.

இப்போதுதான் பார்க்கத் தொடங்குகிறீர்கள் என்றால் 'யெஸ் மினிஸ்டர்' முதலில். பிறகு 'டாட்ஸ் ஆர்மி'. 'தி ஜெர்மன்ஸ்' வெட்டாத பிரதி கிடைத்தால், மேஜர் கதை சொல்லும் இடத்தில் வசனத்தை விட்டுவிட்டு, பின்னால் வரும் சிரிப்பை மட்டும் ஒருமுறை கேளுங்கள். அப்புறம், 1998-இல் பிபிசி 2-க்கு வந்த 'குட்னெஸ் கிரேஷியஸ் மீ'. இது சிட்காம் இல்லை, துணுக்குக் காட்சிகளின் தொகுப்பு. பிரிட்டிஷ் இந்தியர்களான மீரா சயாலும் சஞ்சீவ் பாஸ்கரும் மற்றவர்களும் குடித்துவிட்டு ஓர் ஆங்கில உணவகத்துக்குள் நுழைந்து, இருப்பதிலேயே உப்புச்சப்பில்லாத சாப்பாடு எது என்று வெள்ளைக்காரப் பணியாளரைப் படுத்தும் காட்சி அதில் இருக்கிறது.